அத்தியாயம் 5: தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கி

வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் குண்டின் வேகத்தையும் கம்பெனிப் பெயரையும் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். துப்பாக்கிக் கட்டையின் நீளம் தங்கள் உடலுக்குச் சரியா என்று கடையில் ஒரு நிமிடம் தோளில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. உங்கள் உடலுக்குப் பொருந்தாத துப்பாக்கி நீங்கள் பார்க்கும் இடத்தில் சுடாது. அட்டை இலக்கில் அது வெறும் பிழை. மானின் வயிற்றில் என்றால் அந்த விலங்கு புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஒரே வெடியில் வலியின்றி வீழ்த்துவது வேட்டைக்காரரின் கடமை என்று நான் நம்புகிறேன். அந்தக் கடமை கடையிலேயே, அளவு பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது.

இங்கே சொல்லப்படுபவை கனடாவில், குறிப்பாக ஒன்ராறியோவில், சட்டப்படி வேட்டையாட விரும்பும் வாசகருக்கானவை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டு போகாதீர்கள்.

கடைக்குப் போகும் முன்

1. கனேடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். எழுத்து, செய்முறை இரண்டு தேர்விலும் 80 சதவீதம் வேண்டும்.
2. துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவும் ஆன பி.ஏ.எல். உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு.
3. வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்து ஒன்ராறியோவின் அவுட்டோர்ஸ் கார்டையும் வேட்டை உரிமத்தையும் பெறுங்கள்.
4. நீங்கள் வேட்டையாடப் போகும் வட்டாரத்தின் விதிகளைப் படியுங்கள். தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைஃபிள் கூடாது, ஷாட்கன் மட்டும்தான். இதை அறியாமல் ரைஃபிள் வாங்கியவருக்கு அந்தப் பருவம் வீண்.

எச்சரிக்கை: 2020 மே 1 முதல் கனடா அரசு பல மாதிரிகளைத் தடைசெய்தது, பட்டியல் அதன் பிறகும் நீண்டிருக்கிறது. பழைய துப்பாக்கியைத் தனியாரிடம் வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் அதன் இன்றைய சட்ட வகையைச் சரிபாருங்கள்.

தொடும்போதெல்லாம் செய்ய வேண்டியது

அளவு பார்க்கும் வேலையில் துப்பாக்கியை நூறு தடவை தூக்கி இறக்குவீர்கள். கை பழகப் பழகக் கவனம் தளரும் வேலை இது. பயிற்சியில் சொல்லித்தரும் ஐந்து படிகளை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்:

1. குழல்வாயை மிகப் பாதுகாப்பான திசையில் திருப்புங்கள்.
2. எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுங்கள்.
3. தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள்.
4. தோட்டா உள்ளே வரும் வழியும் காலியா என்று பாருங்கள்.
5. குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று சோதியுங்கள்.

வீட்டில் அளவு பார்க்கும்போது தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டி இருக்கட்டும். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

எதை வாங்குவது?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பெரிய தவறு நடக்க வாய்ப்புக் குறைவு.

வாத்து உள்ளிட்ட நீர்ப்பறவைகள், வான்கோழி, காட்டுக்கோழி, முயல், ஷாட்கன் பகுதிகளில் மான் என எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமானால் 12 கேஜ், 3 அங்குலத் தோட்டா அறை, 26 அல்லது 28 அங்குலக் குழல், மாற்றக்கூடிய சோக் (குழல்வாயை இறுக்கும் குழாய்). 1950 முதல் சந்தையில் உள்ள ரெமிங்டன் 870 போன்ற பம்ப் வகை விலை குறைவு, கழுவித் துடைப்பது எளிது. உடல் மெலிந்தவர்களுக்கு 20 கேஜ் நல்ல தேர்வு.

எடையைப் பற்றி டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கலைஞர் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: சுடும் குண்டுகளின் எடையைப் போல 96 மடங்கு துப்பாக்கி எடை இருக்க வேண்டும். 1 அவுன்ஸ் குண்டுக்கு 6 பவுண்ட். 1⅛ அவுன்ஸுக்கு 6¾ பவுண்ட். இதைவிடக் குறைந்தால் தோள் வலிக்கும். வலிக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் பழக்கம் வரும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் விரட்டுவது கடினம்.

ரைஃபிளில், மான் அளவு விலங்குக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் ஆகிய மூன்றில் எதுவும் போதும். மூஸுக்கும் போக நினைப்பவர் .308 அல்லது .30-06 எடுக்கட்டும். பெரிய குண்டுதான் பெரிய வேட்டைக்காரரின் அடையாளம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்டது ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். இன்றைய கணக்கில் அது மென்மையான பின்னுதை கொண்ட நடுத்தர ரகம். மலையேறி நடந்தே வேட்டையாடிய அவர் பல ஆண்டுகள் அதை விரும்பிச் சுமந்தார்.

எச்சரிக்கை: 12, 20 கேஜ் தோட்டாக்களை ஒரே பையில் வைக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் நழுவி, சற்று முன்னே குழலில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். முன்கட்டையைத் தாங்கும் விரல்கள் போகும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

முதலில் கண்

கட்டையை அளக்கும் முன் உங்கள் எந்தக் கண் ஆளும் கண் என்று தெரிய வேண்டும்.

1. இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்துச் சிறு துளை வையுங்கள்.
2. இரண்டு கண்ணையும் திறந்தபடி, அறையின் மறுகோடியில் உள்ள கதவுப்பிடியை அந்தத் துளை வழியே பாருங்கள்.
3. பிடியைப் பார்வையிலிருந்து விடாமல் கைகளை மெதுவாக முகத்தை நோக்கி இழுங்கள். துளை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான் ஆளும் கண்.

வலக்கைக்காரருக்கு வலக்கண் என்றால் வேலை எளிது. வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளுமானால், புதியவர் இடத்தோளில் சுடப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. முதல் சில வாரம் கை தடுமாறும். பிறகு வாழ்நாள் முழுக்க நிம்மதி. பல ஆண்டு வலத்தோளில் சுட்டுப் பழகியவர், கண்ணாடியின் இடப்பக்கத்தில் பார்வைக் கோடு விழும் இடத்தில் மட்டும் சிறு ஒளிபுகா நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். ஸ்கோப் உள்ள ரைஃபிளில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. ஷாட்கன்னில் இதைக் கவனிக்காதவர், கட்டையில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

ஷாட்கன் கட்டையை அளப்பது

ரைஃபிளுக்குக் குறிபார்க்கும் சாதனம் இரண்டு முனையிலும் உண்டு. ஷாட்கன்னில் முன்னால் ஒரு குமிழ் மட்டும். பின்குறி உங்கள் கண்ணேதான். கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அங்கேதான் கண் நிற்கும். அதனால் கட்டை அளவுதான் உங்கள் குறி. இதை மட்டும் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாப் படிகளும் தாமாகவே விளங்கும்.

கவனிக்க வேண்டிய அளவுகள் நான்கு: விசையிலிருந்து அடிக்கட்டையின் நடு வரை உள்ள நீளம், கன்னம் படியும் மேல்விளிம்பின் உயரம், கட்டை பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு, அடிக்கட்டை தோளில் படியும் சாய்வு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 14 முதல் 14½ அங்குல நீளம், சராசரி வட அமெரிக்க ஆணின் உடலை நினைத்துச் செய்தவை. நம்மில் ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்களுக்கு 13½ அங்குலத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

வீட்டில் சோதிக்கும் முறை:

1. வேட்டைக்கு அணியும் சட்டை, உள்சட்டை, ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மாதக் கனத்த ஜாக்கெட் கட்டையைக் கால் அங்குலத்துக்கு மேல் நீளமாக்கிவிடும்.
2. துப்பாக்கி காலி என்று மேலே சொன்ன ஐந்து படிகளால் உறுதி செய்யுங்கள்.
3. பாதுகாப்பான திசையில், சுவரின் மேல் ஒரு புள்ளியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.
4. கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளுக்குத் தூக்குங்கள். தலையைக் குனிந்து கட்டைக்குப் போகக் கூடாது. கட்டைதான் கன்னத்துக்கு வர வேண்டும்.
5. அசையாமல் கண்ணைத் திறங்கள்.

இனி என்ன தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு குமிழ் உள்ள துப்பாக்கியில் அவை எட்டு என்ற எண்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் உயரம் சரி. குழல்மேல் பட்டி சிறிதும் தெரியாமல் பின்பகுதி மறைத்தால் கன்ன விளிம்பு தாழ்வு. குண்டு கீழே போகும். பட்டி அதிகமாகத் தெரிந்தால் விளிம்பு உயரம். குண்டு மேலே போகும். வலத்தோளில் சுடுபவருக்குக் கண் பட்டியின் இடப்பக்கமாக நின்றால் கட்டை வலப்புறம் இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும்.

இப்போது மூக்கைப் பாருங்கள். விசைப்பிடியில் உள்ள கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கட்டைவிரல் மூக்கில் இடித்தால் கட்டை குட்டை. தூக்கும்போது அடிக்கட்டை அக்குளில் துணியைப் பிடித்து இழுத்தால் நீளம். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் கடைக்கார முறையை நம்பாதீர்கள். அது கையின் நீளத்தை மட்டும் சொல்லும், கழுத்து நீளத்தையும் மார்பகலத்தையும் சொல்லாது.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: அடிக்கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தினால் அது நீளப் பிரச்சினை இல்லை, சாய்வுப் பிரச்சினை. கீழ்முனையைச் சற்றுக் குறைத்தால் கட்டை முழுதும் தோளில் படியும். கழுத்து நீளமானவருக்கு உயர்ந்த கன்ன விளிம்பும் வேண்டியிருக்கும். பெரிய துப்பாக்கியின் பின்புறத்தை மட்டும் வெட்டிக் குட்டையாக்கி "பெண்களுக்கானது" என்று விற்பதை வாங்காதீர்கள்.

16 கஜப் பலகை

வீட்டில் சரியாகத் தெரிந்ததைச் சுட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். பிரிட்டனின் துப்பாக்கி அளவாளர்கள் கையாளும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கணக்கு அவ்வளவு நேர்த்தி.

1. சிதறல் சோதனைக்கு இடம் தரும் சுடுகளத்தில், நான்கடிச் சதுரக் காகிதத்தின் நடுவில் கரும்புள்ளி இட்டு 16 கஜம் தள்ளி நிறுத்துங்கள்.
2. இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் போடுங்கள். கண், காதுக் கவசம் இரண்டும் கட்டாயம்.
3. புள்ளியைப் பார்த்தபடியே தூக்கி, தோளில் பட்டவுடன் சுடுங்கள். நின்று குறிபார்க்காதீர்கள், குறிபார்த்தால் கண் தவறைத் தானே திருத்திக்கொண்டு உண்மையை மறைத்துவிடும்.
4. அதே காகிதத்தில் நான்கைந்து முறை சுடுங்கள். எல்லாச் சிதறலின் மையம் எங்கே என்று பாருங்கள்.

மையம் புள்ளியிலிருந்து ஒவ்வொரு அங்குலம் தள்ளியிருந்தாலும் கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும். கண்ணிலிருந்து குழல்வாய் வரை ஏறக்குறைய ஒரு கஜம், இலக்கு 16 கஜம். அதனால்தான் இந்த விகிதம். மூன்று அங்குலம் கீழே என்றால் கன்ன விளிம்பை 3/16 அங்குலம் உயர்த்த வேண்டும். மூன்று அங்குலம் இடப்பக்கம் என்றால், வலத்தோள்காரருக்கு அதே அளவு வலப்புற வளைவு. எழும் பறவைகளைச் சுடுபவருக்குச் சிதறலில் பாதிக்குச் சற்று அதிகம் புள்ளிக்கு மேலே இருப்பது நல்லது.

திருத்தும் வரிசை

திரும்ப எடுக்கக்கூடிய மாற்றத்தை முதலிலும், எடுக்க முடியாததைக் கடைசியிலும் செய்யுங்கள்.

1. கட்டைக்கும் இயங்குபகுதிக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடுகள். பெரெட்டா, பெனெல்லி ஆகியவற்றின் பல மாதிரிகளோடு இவை பெட்டியிலேயே வரும். உயரமும் பக்க வளைவும் இரண்டும் இதில் மாறும். ஒருமுறை ஒரு தகட்டை மட்டும் மாற்றிச் சுட்டுப் பாருங்கள்.
2. பின்னுதைத் திண்டுக்குக் கீழே இடைத்தகடு வைத்து நீளம் கூட்டுதல்.
3. கன்ன விளிம்பில் ஒட்டும் நுரைத் திண்டு. மலிவானது, கழற்றக்கூடியது. இதில் சரியான உயரத்தைக் கண்டுபிடித்த பிறகு வேண்டுமானால் நிரந்தர வேலைக்குப் போகலாம்.
4. கட்டையை அறுத்துக் குறைப்பது, மரக்கட்டையைச் சூடேற்றி வளைப்பது. இரண்டும் துப்பாக்கித் தச்சரின் வேலை. வீட்டு ரம்பத்தால் வெட்டிய கட்டைகளில் விரிசல் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கட்டையைச் சூடேற்றவே கூடாது.

சோக்கும் இரும்புக் குண்டும்

சோக் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சிதறல் குறையும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் குண்டுகள் சிலிண்டரில் ஏறக்குறைய 40 சதவீதம், இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50, மாடிஃபைடில் 60, ஃபுல்லில் 70. இது ஈயக்குண்டுக் கணக்கு.

கனடாவில் வாத்து உள்ளிட்ட நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது, நச்சில்லாத குண்டுதான். இரும்புக்குண்டு இறுக்கமாகவே பறப்பதால் ஒரு படி தளர்ந்த சோக்கே போதும். ஃபுல் சோக் மீது இரும்புக்குண்டுக்கு ஏற்றது என்ற குறி இல்லாவிட்டால் அதில் சுடாதீர்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் இரும்புக்குண்டே வேண்டாம், குழல் வீங்கும். மானுக்கான ஒற்றைக் குண்டுத் தோட்டாவைச் சிலிண்டரில் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டரில் மட்டும் சுடுங்கள். பறவை வேட்டையில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி தடுப்புக் குச்சி பொருத்தியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிளில் ஸ்கோப் பொருத்துவது

ரைஃபிள் கட்டை நீளம் வழக்கமாக 13½ அங்குலம். கன்னம் கட்டையில் படியாமல் தாடை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பை உயர்த்துங்கள். தலை மிதந்தால் ஒவ்வொரு வெடியும் வேறு இடம் போகும். ஸ்கோப் குழலைத் தொடாத அளவில் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்வான வளையங்களை வாங்குங்கள்.

1. அடித்தளத் திருகுகளில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, உற்பத்தியாளர் சொன்ன முறுக்கத்தில் இறுக்குங்கள். முறுக்கம் காட்டும் திருப்புளி வாங்க ஆகும் செலவு நசுங்கிய ஸ்கோப்பைவிடக் குறைவு.
2. ஸ்கோப்பை வளையங்களில் தளர்வாக வையுங்கள். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். கண்ணின் தூரம் அங்கேதான் மிகக் குறைவு.
3. வேட்டை உடையோடு, கண்ணை மூடித் தோளில் தூக்குங்கள். திறந்தவுடன் கரிய நிழலின்றி முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று, மூன்றரை அங்குலம் வேண்டும். குறைந்தால் பின்னுதையில் ஸ்கோப் புருவத்தைப் பிளக்கும்.
4. நின்று, உட்கார்ந்து, படுத்து மூன்று நிலையிலும் இதே சோதனை. படுக்கும்போது தலை முன்னே போவதால் இடைவெளி குறையும்.
5. குறுக்குக்கோடு செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குநூலோடு ஒப்பிட்டு, வளையத் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

விசையின் கனத்தை நீங்களே குறைக்காதீர்கள். வேட்டைக்கு 3 முதல் 4 பவுண்ட் போதும். உறைந்த விரலுக்கும் கையுறைக்கும் இதைவிட இலேசான விசை ஆபத்து.

குறி நேர்படுத்துவது

1. போல்ட்டைக் கழற்றுங்கள். ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, குழல் வழியே 25 கஜ இலக்கைப் பாருங்கள். ரைஃபிள் நகராமல் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.
2. 25 கஜத்தில் ஒரு வெடி சுட்டுத் திருத்துங்கள். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் 1/16 அங்குலம் மட்டும். அதனால் இங்கே ஓர் அங்குலம் நகர்த்த 16 சொடுக்கு வேண்டும். பலர் நான்கு சொடுக்கி விட்டு ஸ்கோப் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள்.
3. 100 கஜத்துக்குப் போங்கள். மூன்று வெடி, பிறகு அவற்றின் மையத்தைப் பார்த்துத் திருத்தம். ஒற்றை வெடியைப் பார்த்துத் திருத்தாதீர்கள்.
4. மணல்மூட்டை முன்கட்டையின் கீழே இருக்கட்டும், குழலின் கீழே வேண்டாம்.
5. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழலை ஆறவிடுங்கள். வேட்டையில் உங்கள் முதல் வெடி குளிர்ந்த குழலில்தான் போகும்.
6. .308இல் 100 கஜத்தில் சுமார் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கஜத்தில் நேராகப் படும். ஆனால் நீங்கள் 100 கஜத்துக்குள்தான் சுடுவீர்கள் என்றால் அங்கேயே நேராக வையுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கு நோக்கியே வைத்து ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள். வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். இறக்கி, குழலுக்குள் பாருங்கள். பனியில் விழுந்து எழுந்த பிறகும் இதே சோதனை.

பழையது வாங்கினால்

குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். வளையம்போல் கருநிழல் தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது, வாங்காதீர்கள். மடியும் வகைத் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றி மூடிய நிலையில் ஆட்டுங்கள். இணைப்பு ஆடினால் பழுதுச் செலவு அதிகம். இயங்குபகுதியை ஒட்டி மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். தோட்டா அறை எத்தனை அங்குலம் என்று பெரும்பாலும் குழலில் பொறித்திருக்கும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அது 2½ அங்குலம், இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவை அதில் போடக் கூடாது.

பருவம் தொடங்கும் முன்

கட்டை அளவு, தகட்டு எண், சோக், தோட்டாவின் பெயரும் குண்டின் எடையும், குறி நேர்படுத்திய தூரம் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதித் துப்பாக்கிப் பையில் வையுங்கள். தோட்டாவின் பெயரோ எடையோ மாறினால் மீண்டும் சுட்டுப் பாருங்கள். வண்டியில் நெடுந்தூரம் போனாலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும் அப்படியே. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஊசி மெதுவாக அடிக்கும் என்பதால் போல்ட்டில் எண்ணெயைத் துடைத்து மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குல ஆரஞ்சு உடையும் ஆரஞ்சுத் தொப்பியும் அணிந்து தோளில் தூக்கிப் பாருங்கள். புதிய ஜாக்கெட்டின் தோள் மடிப்பு அடிக்கட்டையைத் தடுத்தால் இடைத்தகடு ஒன்றை இப்போதே கழற்றிவிடுங்கள்.